குண்டு நின்ற பிறகு



வேட்டைத் துப்பாக்கியின் குண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. அது நல்லதுக்குத்தான். அப்படியிருக்க இந்தப் பேச்சு இங்கே எதற்கு என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்திருக்கும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இன்றும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒரு சாரார் கடையில் தோட்டா வாங்குவதில்லை. வீட்டு மேசையில் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அந்தத் தோட்டாவில் எந்தக் குண்டை வைப்பது என்று அவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்துத்தான் கலிஃபோர்னியா காண்டோர் என்ற மாபெரும் பறவை காட்டில் தானாகப் பிழைத்திருக்குமா என்பது இருக்கிறது. காண்டோர் நம்மூர்ப் பாறு கழுகைப்போல இறந்த உடல்களைத் தின்று வாழ்வது. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடுகளின் உடலைத் தின்று இந்தியாவின் பாறுகள் மடிந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர் எவரும் பாறுகளைக் கொல்ல நினைத்ததில்லை. ஆனாலும் அவை செத்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து கூடாது என்று அரசு தடுத்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று வட்டமிடும் பாறுகள் அந்த அழிவில் எஞ்சியவை. இங்கே மருந்து என்றால், அமெரிக்காவில் குண்டின் ஈயம்.

வேட்டைக்காரரின் பொறுப்பு விசையை இழுத்ததோடு முடிவதில்லை. விலங்கு விழுந்ததோடும் முடிவதில்லை. குண்டு உடலுக்குள் நின்ற பிறகு அதிலிருந்து சிதறியவை எங்கே போகின்றன என்பதும் அவர் பொறுப்புதான். குண்டைத் தேர்வது என்றால் இவை அனைத்துக்கும் சேர்த்துத் தேர்வது. என் பேச்சின் கருத்து இவ்வளவே. ஆனால் இதை வெறும் நீதியாகச் சொன்னால் போதாது. குண்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இதன் நியாயம் விளங்கும்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் என்னும் சிறு தட்டு, உள்ளே புகையில்லா வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. நாம் பேச்சுவழக்கில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகக் குழப்புகிறோம். பறந்து போவது குண்டு மட்டும். சுட்ட பிறகு பிரைமரும் மருந்தும் தீர்ந்துவிடும், குண்டு போய்விடும், பித்தளைக் கூடு கையில் நிற்கும். அதை மறுபடி பயன்படுத்தலாம் என்பதிலிருந்துதான் கையால் நிரப்பும் கலை பிறந்தது. சுடும்போது விரிந்துபோன கூட்டை ஓர் அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். நீண்டிருந்தால் விளிம்பைச் சீவுவார்கள். புதுப் பிரைமரைப் பதிப்பார்கள். நிறுத்த மருந்தைப் போடுவார்கள். மேலே குண்டை வைத்து அழுத்துவார்கள். கேட்க எளிது. ஆனால் சுடும் கணத்தில் அந்தக் கூட்டுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டைத் தொடும்; .338 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு 64,000. அந்த அழுத்தத்துக்கும் சுடுபவரின் கண்ணுக்கும் நடுவே சில அங்குல எஃகுதான் இருக்கிறது. அதனால் இந்தக் கலையில் முதல் ஒழுக்கம் அடக்கம். சோதனைக்கூடத்தில் அளந்து வெளியிட்ட கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு, அதில் சொன்ன உச்சத்துக்கு நன்றாகக் கீழே தொடங்கி, படிப்படியாக ஏற வேண்டும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். ஒரு மருந்துக்குச் சொன்ன அளவை இன்னொரு மருந்துக்குப் போட்டவர்களின் துப்பாக்கிகள் வெடித்திருக்கின்றன.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் பெருகியதற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு காரணம். போர் முடிந்ததும் ராணுவத்தின் கையில் மலைமலையாக மிஞ்சிய வெடிமருந்தை கான்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜன் மலிவாக வாங்கி, சிறு சிறு அளவில் விற்கத் தொடங்கினார். 1949-இல் ஜாய்ஸ் ஹார்னடி நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் குண்டு செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் திரும்பிய சிப்பாய்களுக்குத் துப்பாக்கி தெரியும். வேட்டை அவர்கள் அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். கையில் காசு குறைவு. இம்மூன்றும் சேர்ந்ததில் தோட்டா நிரப்பும் மேசை பல வீடுகளின் நிலவறைக்கு வந்தது.

சிக்கனம் தொடக்கம்தான். பின்னால் வந்த காரணம் அதைவிடப் பெரியது. தொழிற்சாலை எல்லாருடைய துப்பாக்கிக்கும் பொதுவாகத் தோட்டா செய்கிறது. தானே நிரப்புகிறவர் தன் துப்பாக்கிக்கும் தான் தேடிப்போகும் விலங்குக்கும் செய்கிறார். இந்தக் குண்டுதான் வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை அவர் கைக்கு வந்துவிடுகிறது. உரிமை வந்தால் பொறுப்பும் கூடவே வரும்.

நடுத்தர விட்டமுள்ள துப்பாக்கிகளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மான் வேட்டைக்கு 7 மில்லிமீட்டரும் 7.62 மில்லிமீட்டரும் போதும். யானைக்கென்று செய்த பெருங்குழல்கள் வேறு உலகம். இரண்டுக்கும் நடுவே 8.5-லிருந்து 9.5 மில்லிமீட்டர் வரை உள்ளவைதான் எல்க், மூஸ் என்னும் மாபெரும் மான்கள், பெரிய கரடி போன்றவற்றுக்கு எடுத்துச் செல்வன. ஆப்பிரிக்காவிலும் இவை பெயர் பெற்றவை. 1905-இல் பெர்லின் துப்பாக்கிக் கம்மியர் ஓட்டோ போக் வடிவமைத்த 9.3×62, 1912-இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 மேக்னம், 1922-இல் பிறந்த .35 வீலன், 1958-இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னம். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் செய்தவை இவை. ஆனால் குண்டின் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். பவுண்டு, அங்குலக் கணக்கில் 9.3-இன் 286 கிரெயின் குண்டுக்கு 0.305 வருகிறது. .375-இன் 300 கிரெயின் குண்டுக்கும் 0.305. .338-இன் 250 கிரெயினுக்கு 0.313. ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விலங்கின் தோள் எலும்பைத் தாண்டி இதயத்தை எட்டக் கூடிய குண்டு எப்படி இருக்க வேண்டும் என்று அனுபவத்தில் தேடியவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கிறார்கள். இயற்பியல் படித்தவனாக இந்த ஒற்றுமை எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருவது.

இனி குண்டுக்குள் நுழைவோம்.

கரிமருந்துக் காலத்தில் குண்டு வெறும் ஈயம். 1880-களில் பிரான்சின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும் குண்டின் வேகம் ஏறியது. வெறும் ஈயம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. குழலின் உட்புறத் திருகுவரிகளில் பூசிக்கொண்டது. ஈயத்துக்குச் செம்பில் சட்டை போடலாம் என்ற வழியை அதற்குச் சற்று முன்பே சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் காட்டியிருந்தார். முழுச் சட்டை போட்ட குண்டு நேராகப் பறந்தது. ஆனால் உடலுக்குள் சிதையாமல் மெல்லிய துளை போட்டுவிட்டு மறுபுறம் வெளியேறியது.

இங்கே வரலாறு நம் மண்ணைத் தொடுகிறது. 1895-இல் சித்ரால் போரில் தங்கள் குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்று பிரிட்டிஷ் படையினர் முறையிட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே குண்டின் முனைச் சட்டையைத் திறந்துவிட்டு ஈயம் தெரியும்படி செய்தார். உடலைத் தொட்டதும் முனை விரிந்தது. அதன் கொடுமை உலகெங்கும் பேசப்பட்டு, 1899-இல் ஹேக் மாநாடு போரில் விரியும் குண்டைத் தடைசெய்தது. மனிதனுக்கு எதிராக அது கூடாது என்பது அன்று எழுதிய விதி. வேட்டையிலோ விதி நேர் எதிர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெரிய விலங்கை விரியாத குண்டால் சுடுவது சட்டப்படி குற்றம். போரில் காயம்பட்டவனுக்கு மருத்துவமனை உண்டு, அவன் பிழைக்க வேண்டும். காட்டில் காயம்பட்ட விலங்குக்கு எதுவும் கிடையாது. அது ஓடி ஒளிந்து, நாள்கணக்கில் வலித்துச் சாகும். ஆகவே கொல்வதென்று முடிவெடுத்தவர் ஒரே குண்டில், சில நொடிகளில் முடிக்கக் கடமைப்பட்டவர். இரண்டு விதிகளும் ஒரே இரக்கத்திலிருந்து வந்தவை என்றுதான் நான் கொள்கிறேன்.

விரியாத குண்டின் பக்கம் நின்றவர்களும் உண்டு. 7×57 மவுசரை ரிக்பி நிறுவனம் .275 என்ற பெயரில் விற்றது. அந்தச் சிறு துப்பாக்கியில் 173 கிரெயின் முழுச்சட்டைக் குண்டை வைத்து டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார். யானையின் மண்டையோட்டுக்குள் மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்பதை அறுத்துப் பார்த்துப் படித்திருந்தார் அவர். தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகளை நினைத்தால் மனம் கசக்கிறது. ஆனாலும் குண்டின் பருமனைவிட அது போகும் பாதையே முடிவு செய்கிறது என்ற உண்மையை அவர் அனுபவம் நிறுவிவிட்டது. அதே .275 ரிக்பி ஒன்றைத்தான் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு சர் ஜான் ஹியூவெட் பரிசளித்தார்.

சரி, விரியும் குண்டுதான் வேண்டும். எவ்வளவு விரிய வேண்டும்? கடினமான கேள்வி இதுதான். முனை காளான்போல விரிந்தால் துளை அகலமாகும், ஆனால் தடையும் கூடி ஆழம் குறையும். அதிகம் விரிந்தால் குண்டு தோளிலேயே நொறுங்கி நின்றுவிடும். குறைவாக விரிந்தால் ஊசியாகத் துளைத்துப் போகும். போதாக்குறைக்கு, ஒரே குண்டு 50 மீட்டரில் ஒரு வேகத்திலும் 300 மீட்டரில் வேறொரு வேகத்திலும் வந்து படும். இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். அவர் கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம், அக்காலத்தின் வேகமான துப்பாக்கி. மூஸின் தோலில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறின, உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர் கடைசல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். செம்புக் கம்பியின் இரு முனைகளிலும் குடைந்து, நடுவே ஒரு திண்மையான சுவரை விட்டுவிட்டு, இரு குழிகளிலும் ஈயத்தை நிரப்பினார். முன்பாதி விரியும், சிதறும். சுவர் பின்பாதியைக் காக்கும். பின்பாதி எடையோடு உள்ளே போகும். 1948-இல் ஆரகன் மாநிலத்தின் ஆஷ்லண்டில் அதைத் தொழிலாக்கினார். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. ஜெர்மனியில் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனம் போருக்கு முன்பே ஏறக்குறைய இதே எண்ணத்தை ஹெச்-மான்டல் என்ற குண்டில் செயல்படுத்தியிருந்தது. ஆனால் கையால் நிரப்புகிறவர்களின் மேசைக்கு அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவர் நாஸ்லர்தான்.

இதே காலத்தில் அமெரிக்க வேட்டைப் பத்திரிகைகளில் இருவர் பல்லாண்டு வாதாடினார்கள். ஜாக் ஓ'கானர் .270 வின்செஸ்டரின் 130 கிரெயின் குண்டைப் புகழ்ந்தார். வேகமும் சரியான இடமும் இருந்தால் போதும் என்றார். ஐடஹோவின் மாட்டுப் பண்ணைக்காரரான எல்மர் கீத், பெரிய விலங்குக்குக் கனமான, அகலமான குண்டுதான் நியாயம் என்றார். கடையில் கிடைக்காததை அவரும் நண்பர்களும் தாங்களே உருவாக்கினார்கள்; .333 ஓ.கே.ஹெச். என்ற அந்தத் தோட்டாவின் வழிவந்ததுதான் .338 வின்செஸ்டர் மேக்னம். வீட்டு மேசையில் பிறந்த எண்ணம் தொழிற்சாலைக்கு ஏறிய கதை அது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இருவரும் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பேன். அவர்கள் காலத்துக் குண்டுகள் வேகத்தைத் தாங்காதவை. அதனால்தான் கீத் கனத்தைக் கேட்டார். குண்டின் கட்டமைப்பு மேம்பட்டதும் அந்த வாதத்தின் வேரே தளர்ந்துவிட்டது.

வேரைத் தளர்த்தியவற்றில் ஒன்று செம்பு. குண்டு செய்யும் பார்ன்ஸ் நிறுவனத்தை 1974-இல் வாங்கிய ராண்டி புரூக்ஸ், ஈயமே இல்லாமல் முழுதும் செம்பால் ஆன குண்டை 1989-இல் எக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார். அதன் முனையில் ஒரு குழி. உடலில் நுழைந்ததும் குழிக்குள் புகும் திரவத்தின் அழுத்தம் முனையை நான்கு இதழ்களாகப் பிளந்து பின்னே மடிக்கும். இதழ்கள் பெரும்பாலும் பிரிந்து போவதில்லை. எடையில் 95 விழுக்காட்டுக்கு மேல் அப்படியே நிற்கும். சாதாரண ஈயக் குண்டு அதிவேகத்தில் பட்டால் எடையில் மூன்றில் ஒன்றோ பாதியோ உதிர்ந்துவிடும். பார்ட்டிஷன்கூட முன்பாதி ஈயத்தை உதிர்க்கவே வடிவமைத்தது. புரூக்ஸ் தேடியது ஆழமும் உறுதியும். பறவைகளைக் காக்கவேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. இந்தச் செய்தியை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் செம்புக் குண்டு சுற்றுச்சூழல்காரர்கள் வேட்டைக்காரர் தலையில் கட்டிய சரக்கு என்று அங்கே பலர் நம்புகிறார்கள். அது வேட்டைக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது.

உதிர்ந்த ஈயம் எங்கே போனது? அறுபது எழுபது ஆண்டுகள் இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. நாஸ்லரும் கீத்தும் ஓ'கானரும் கேட்கவில்லை. குண்டில் எவ்வளவு மிஞ்சியது என்று நிறுத்தார்கள், போனதை நிறுக்கவில்லை.

கேட்டவர்கள் காண்டோரைக் காக்க வந்தவர்கள். காண்டோர் சிறகை விரித்தால் ஏறத்தாழ 2.9 மீட்டர். 60 ஆண்டுவரை வாழக்கூடியது. ஆறு முதல் எட்டு வயதில்தான் இனப்பெருக்கம் தொடங்கும், வழக்கமாக இரண்டாண்டுக்கு ஒரு முட்டை. இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில் வளர்ந்த பறவைகள் சாகத் தொடங்கினால் ஈடுகட்ட வழியில்லை. 1982-இல் உலகில் எஞ்சியவை 22. 1987 ஏப்ரலில் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, 27 பறவைகளை வைத்து இனத்தை மீட்க முனைந்தார்கள். 1992-இல் மீண்டும் காட்டில் விடத் தொடங்கினார்கள். விட்ட பறவைகளில் பல பக்கவாதம் வந்து, இரைப்பை செயலிழந்து, உணவு இருந்தும் பட்டினியாகச் செத்தன. இரத்தத்தில் ஈயம். அதன் ஐசோடோப்பு விகிதம் துப்பாக்கிக் குண்டின் ஈயத்தோடு பொருந்தியது.

அமெரிக்க வேட்டையில் விலங்கை விழுந்த இடத்திலேயே கிழித்துக் குடலை எடுத்துப் போட்டுவிட்டு இறைச்சியைச் சுமந்து வருவார்கள். கழிவு காட்டுக்கே உணவு என்பது அவர்கள் எண்ணம், நல்ல எண்ணமும்கூட. பெரெக்ரின் ஃபண்ட் அமைப்பின் கிரெயிஞ்சர் ஹன்ட்டும் உடனிருந்தோரும் ஈயக் குண்டால் சுட்ட மான்களையும் அவற்றின் குடல் குவியல்களையும் எக்ஸ்ரே எடுத்து 2006-இல் வெளியிட்டார்கள். 20 குவியல்களில் 18-இல் ஈயத் துகள்கள் இருந்தன. சிலவற்றில் நூற்றுக்கணக்கில். வெண்பனிப் பொடி தூவியதுபோலப் படத்தில் தெரியும் அந்தத் துகள்கள் குண்டு போன பாதையிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தன. செம்புக் குண்டால் சுட்ட மான்களில் துகள்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. காண்டோர் கூட்டமாக உண்ணும் பறவை. நச்சுள்ள ஒரு குவியலால் பல பறவைகள் விழும். பறவையின் இரைப்பை அமிலம் கடுமையானது. மணல்போன்ற ஈயத் துகளை அது கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடும்.

பறவையோடு முடிந்ததா என்றால் இல்லை. ஹன்ட்டின் குழு பின்னர் 30 மான்களின் இறைச்சியைக் கசாப்புக் கடைகளில் கொடுத்து அரைத்து வாங்கி எக்ஸ்ரே எடுத்தது. பத்தில் எட்டு மான்களின் இறைச்சிப் பொட்டலங்களில் குறைந்தது ஒன்றிலாவது உலோகத் துகள் இருந்தது. வடக்கு டகோட்டாவில் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், வேட்டை இறைச்சி உண்பவர்களுக்கு ஈயம் சற்றே கூடியிருந்தது. கூடுதல் சிறிதுதான், அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் அந்த இறைச்சி வீட்டுக் குழந்தைகளின் தட்டுக்கு வருவது. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. 2022-இல் வெளிவந்த ஆய்வொன்றில் 38 மாநிலங்களின் 1,210 கழுகுகளைப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிக் கழுகுகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு. அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகும் இதில் அடக்கம்.

இப்போது மேசைக்குத் திரும்புவோம். ஈயத்தை விட்டுச் செம்புக்கு மாறத் தீர்மானித்த ஒருவர் .338-க்குத் தோட்டா நிரப்புகிறார் என்று கொள்ளுங்கள். பழைய அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு குண்டை மட்டும் மாற்றக் கூடாது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9-க்குச் சற்றுக் கீழே. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கும், மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். அதற்கென்று அச்சிட்ட அளவுகளைக் கொண்டுதான் தொடங்க வேண்டும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சியும் தேவை. 1879-இல் உல்விச்சில் பீரங்கிப் படையினருக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் இதற்கு எழுதிய எளிய சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதும். 173 கிரெயின் நீள் குண்டுக்கென்று 220 மில்லிமீட்டரில் ஒரு சுற்று வைத்த பழைய 7×57 குழல்கள் இன்றைய செம்புக் குண்டுக்கும் இசைவானவை. 9.3×62-இல் 360 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. அங்கே இலேசான செம்புக் குண்டைத் தேர்வது அறிவு.

இலேசான குண்டு என்றதும் கீத்தின் வழிவந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். தேவையில்லை. 250 கிரெயின் ஈயக் குண்டு பாதி எடையை உதிர்த்துவிட்டால் உள்ளே போவது 125 கிரெயின். 210 அல்லது 225 கிரெயின் செம்புக் குண்டு அப்படியே உள்ளே போகும். எடையைக் குறைத்தால் வேகம் கூடும், செம்புக்கு வேகம் வேண்டும். நொடிக்கு 550 மீட்டருக்குக் கீழே பல செம்புக் குண்டுகளின் முனை திறப்பதில்லை. எந்தத் தொலைவில் தன் குண்டு அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று கணக்கிட்டு, அதற்கு அப்பால் விசையைத் தொடாமல் இருப்பதுதான் வேட்டைக்காரரின் உண்மையான திறமை. செம்பு சரியாகக் கொல்லாது என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. ஜெர்மனியில் சுடப்பட்ட விலங்கு எவ்வளவு தூரம் ஓடியது என்று அளந்து பார்த்தவர்கள் ஈயத்துக்கும் செம்புக்கும் பொருட்படுத்தும்படியான வேறுபாட்டைக் காணவில்லை. விலை கூடுதல் என்பது உண்மை. பழகுவதற்கு ஈயத்தைச் சுடுதளத்தில் சுடலாம். பருவம் முழுதும் ஓர் எல்க் வேட்டைக்காரர் விலங்கின்மேல் செலவிடுவது ஓரிரு குண்டுகள். துப்பாக்கி, தொலைநோக்கி, பெட்ரோல், உரிமம் என்று அவர் செலவழிப்பதன் முன் இந்தக் கூடுதல் பணத்தைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எப்படி மாற்றுவது என்பதில் அமெரிக்காவிலேயே இரண்டு வழிகள் நடக்கின்றன. கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2013-இல் கையெழுத்தாகி, படிப்படியாக வந்து, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயக் குண்டு கூடாது. அரிசோனா வேறு வழியில் போனது. கிராண்ட் கேன்யனை ஒட்டிய கைபாப் மேட்டுநிலத்தில் வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு 2005 முதல் ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்தது. ஈயம் பயன்படுத்துபவர்கள் குடல் குவியலையாவது காட்டிலிருந்து எடுத்துவரும்படி கேட்டது. பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வேட்டைக்காரர்கள் மனமுவந்து இணங்கிய ஆண்டுகள் உண்டு. டென்மார்க் 2024 ஏப்ரலில் நாடு முழுவதும் ரைஃபிள் வேட்டைக்கு ஈயத்தைத் தடைசெய்தது.

எனக்குச் சட்டத்தில் நம்பிக்கை உண்டு. டைக்ளோஃபினாக் தடையில்லாமல் மோயாற்றில் பாறு இருந்திருக்காது. ஆனால் காட்டின் ஆழத்தில் தனியாக நிற்கும் ஒருவரின் தோட்டாவில் என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்க முடியாது. அரிசோனாவின் வழி மெதுவானது, ஆனால் அது மனத்தை மாற்றுகிறது. வடக்குக் கலிஃபோர்னியாவில் யூரோக் பழங்குடியினரும் மனத்தை மாற்றும் வழியில் போனார்கள். அவர்களே வேட்டையாடும் மக்கள். 2022 மே மாதம் தம் மண்ணில் காண்டோரை மீண்டும் பறக்கவிடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்களோடு உட்கார்ந்து ஈயமில்லாத குண்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இன்று உலகில் காண்டோர்கள் 500-க்கு மேல். இன்னும் காட்டுப் பறவைகளை அவ்வப்போது பிடித்து இரத்தம் சோதித்து, ஈயம் ஏறியவற்றுக்கு மருந்து செலுத்தித்தான் விடுகிறார்கள். அந்தப் பணி நின்றால் இனம் நிற்காது.

கையால் நிரப்புகிறவர்களிடம் எனக்குத் தனி எதிர்பார்ப்பு இருப்பதன் காரணத்தைச் சொல்லி அமர்கிறேன். பரவலாக விற்கும் .30-06, .308 போன்றவற்றுக்குச் செம்புத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். தாத்தா விட்டுச்சென்ற .35 வீலனுக்கும் .333-க்கும் எல்லாக் கடையிலும் கிடைக்காது; சிலவற்றுக்குத் தொழிற்சாலை செய்வதே இல்லை. அவற்றை வைத்திருப்பவர் ஈயத்தை விட நினைத்தாலும் விட முடியாது, தானே நிரப்பத் தெரிந்தாலொழிய. குண்டைத் தனியாக வாங்கி, தன் குழலின் சுழற்சியைக் கணக்கிட்டு, குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு படியையும் குறிப்பேட்டில் எழுதி, சுடுதளத்தில் சோதித்து, எந்தத் தொலைவுவரை அது விரியும் என்று அறிந்து காட்டுக்குப் போக அவரால் முடியும். பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியும். வேட்டைக்காரர் பேச்சை வேட்டைக்காரர்தான் கேட்பார். நாஸ்லரும் புரூக்ஸும் புதுக் குண்டைத் தந்தபோது முதலில் வாங்கி, சுட்டுப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று ஊரில் சொன்னவர்கள் இந்த மேசைக்காரர்கள்தான். ஈயத்தைப் பற்றிய செய்தியையும் அவர்களே சொல்ல வேண்டும்.